சத்தம் மட்டும் மாறக் கூடாது

"சத்தம் மட்டும் மாறக் கூடாது பாய். வேற எது எப்படி இருந்தாலும் பரவாயில்ல."

தனபாலன் இதையே திரும்பத் திரும்பச் சொல்லவும், மெக்கானிக் கலீமுல்லா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். தி.நகர் ஜவுளிக் கடையில் சேலை மடித்துப் போடுகிற மனிதர். தலையெல்லாம் நரை. ஓட்டி வந்திருப்பதோ காலேஜ் பையன்கள் ஓட்டுகிற டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்.

"இன்னா சார், சைலன்ஸர்ல பொறியைத் தடுக்குற ஸ்பார்க் அரெஸ்டர் வாங்க வர்றவங்க பொறி நிக்குமா, பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குமான்னு கேப்பாங்க. நீங்க சத்தத்தையே புட்ச்சிக்கினு கீறீங்க. இந்த வயசுல யாருக்கு சார் சத்தம் காட்டணும்?"

லஸ்ஸுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன ஷெட்டில் ஆயில் புகை மண்டியிருந்தது. அது தொண்டையில் ஏறி தனபாலனுக்கு இருமல் வந்துவிட்டது. புகை பட்டால் போதும், இருமல் அவரை லேசில் விடாது.

அவர் வீடு ஊரூர் குப்பத்துக் குடிசைகளைத் தாண்டி இருந்தது. போன மாதம் அங்கே சில கூரைகள் எரிந்துபோயின. ஏதோ ஒரு மோட்டார் சைக்கிளின் சைலன்ஸரிலிருந்து பறந்த பொறிதான் காரணம் என்று பேச்சு. "குழாய்ல தடுப்பு மாட்டிக்கினு வா நைனா. இல்லாங்காட்டி எஞ்சினை அணைச்சுட்டுத் தள்ளிக்கினு போ" என்று குப்பத்து ஆட்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வீடு எரிந்தவர்கள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் சத்தமில்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது தனபாலனுக்கு ஆகாத காரியம்.

கலீமுல்லா முதலில் சல்லடை வைத்த குழாயை மாட்டி வண்டியை உதைத்தார். தனபாலன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு. வேண்டாம்."

அடுத்தது, ஓட்டை போட்ட தகடுகளை அடுக்கியது.

"சீட்டி அடிக்குது பாய்."

கலீமுல்லா அலுத்துக்கொண்டே பழைய மிலிட்டரி சாமான்களைக் கிளறி ஒரு குழாயை எடுத்தார். "இதுல உள்ளாற சுருள் தகடு கீது சார். புகையைச் சுத்திவுட்டு, பொறியை ஓரத்துல தள்ளி அடைச்சிக்கும். நடுவுல அடைப்பே கிடையாது."

வண்டி பழையபடி படபடவென்று அதிர்ந்தது. தனபாலனின் மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"இதுதான் பாய். இதுதான் அவன் சத்தம்."

"யாரோட சத்தம் சார்?"

"என் பையன் ராஜரத்தினம். இது அவன் வண்டி. அவன் ஆசைப்பட்ட பொண்ணை அவன் அம்மா வேண்டாம்னுட்டா. அதுலேருந்து அவகிட்ட பேச்சை விட்டுட்டான். சாயங்காலம் வருவான், வாசல்ல ஆக்ஸிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்குவான், வெளிப்படி ஏறி மாடிக்குப் போயிடுவான். மூஞ்சியைக் காட்ட மாட்டான். அப்புறம் அவளுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, கடல்ல குளிக்கப் போனவன் பொணமாத்தான் வந்தான்."

கலீமுல்லா எஞ்சினை அணைத்தார்.

"அதிர்ச்சி எதுவும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அவகிட்ட சொல்லலை. வீட்டுக்கு வந்ததும் கேட்டா, 'பேசாட்டிப் போறான், வண்டிச் சத்தம்கூடக் கேக்கலையே'ன்னு. மறுநாள்லேருந்து நான்தான் ஓட்டிட்டுப் போறேன். வாசல்ல முறுக்கிட்டு, தடதடன்னு மாடி ஏறி, வெறுங்காலோட சத்தமில்லாம இறங்கி, அப்பத்தான் பஸ்ல வந்தவன் மாதிரி முன்வாசல் வழியா நுழைவேன்."

கலீமுல்லா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன் சார், மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். "ஒண்ணு சொல்றேன். வண்டிமேல குந்திக்கினு கேட்டா ஒரு சத்தம், வூட்டுக்குள்ளாற படுத்துக்கினு கேட்டா வேற சத்தம். இன்னிக்கு நான் ஓட்டிக்கினு வர்றேன். நீங்க அம்மா பக்கத்துல இருந்து கேட்டுப் பாருங்க. மாறினா நாளைக்கே சரி பண்ணித் தர்றேன்."

தனபாலனுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. யாரோ ஒருவர் தன் பாரத்தில் கொஞ்சம் வாங்கிக்கொண்டது போல இருந்தது.

அன்று மாலை அவர் நிஜமாகவே பஸ்ஸில் வந்து, மனைவி சுந்தரவல்லியின் கட்டிலருகே உட்கார்ந்தார். அந்த அறையிலிருந்து பார்த்தால் தெரு தெரியாது. காதில் விழுவதுதான்.

"என்ன, இன்னிக்கு சீக்கிரமே?" என்றாள் அவள், கோணிய வாயால்.

"கடையில கூட்டம் இல்ல."

குப்பத்துச் சந்துக்குள் வண்டி நுழையும் சத்தம் கேட்டது. கிட்டே வந்தது. வாசலில் ஒரு முறுக்கு. அப்படியே ராஜரத்தினம் வந்து நிற்பது போலிருந்தது. துளிகூட மாறவில்லை. தனபாலனுக்கு மூச்சு சீராக வந்தது. இனி பயமில்லாமல் தினமும் இதை நடத்தலாம்.

சுந்தரவல்லியின் முகத்தைப் பார்த்தார். என்றைக்கும் இல்லாத வெளிச்சம் அதில் இருந்தது. விளங்குகிற கையால் அவருடைய மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தினமும் ஓட்டிட்டு வர்றது நீங்கதான்னு எனக்குத் தெரியுங்க. மாடிப்படி ஏறுறப்ப இருமுறீங்களே. பிள்ளை கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டே போயிட்டான், என்னைத் தேத்தத்தான் இப்படிப் பண்றீங்கன்னு நானும் வாயைத் திறக்கலை" என்றாள். "இன்னிக்கு நீங்க இங்க இருக்கீங்க. அப்ப நெசமாவே எம் பிள்ளை வந்துட்டானா?"