புதுப் பெயருக்கு ஒரு சான்றிதழ்

“வந்தவரை வெறுங்கையோட அனுப்பவா உனக்குச் சம்பளம்?” என்று மேனேஜர் போன வாரம் கேட்டதிலிருந்து, வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் அவளுடைய வேலை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தளம் உண்மையானதுதான் என்று இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் அலுவலகம் அது.

எதிரே உட்கார்ந்தவர் தன் தளத்தின் பெயரை மாற்றப்போவதாகச் சொல்லி, புதுப் பெயரை எழுதி நீட்டினார். படித்தவள் திகைத்துப்போனாள்.

“சார், இருக்கிற சான்றிதழ்ல பேரை மாத்த முடியாது. புதுசாத்தான் வாங்கணும். அதுக்கு இந்தப் பேரோட சொந்தக்காரர் மெயில்ல சம்மதம் தரணும்.”

“அனுப்புங்கம்மா, தருவார்.”

சம்மதம் எப்படியும் கிடைக்காது என்ற தைரியத்தில் அந்தப் பெயரின் சொந்தக்காரருக்கு மெயிலை அனுப்பிவிட்டு, அவள் மேனேஜரின் கண்ணாடி அறைக்கு ஓடினாள்.

“சார், அவர் கேக்கிற பேரு...”

“மறுபடியும் நொட்டை சொல்ல வந்துட்டியா? சம்மதம் கேட்டு வந்த மெயில்தானே? இதோ ‘சம்மதம்’னு அமுக்கிட்டேன். பார்த்துக் கத்துக்கோ!”

மேனேஜர் வெளியே வந்து வாடிக்கையாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“வாழ்த்துகள் சார்! புதுப் பேர் என்ன?”

“அதோ, அந்த போர்டுல இருக்கே, அதேதான். ஜனங்க கண்ணை மூடிட்டு நம்புற பேராச்சே!”

மேனேஜர் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த தங்கள் நிறுவனத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அப்படியே படியிறங்கிப் போய்விட்டார்.