மூன்றாவது பவர் சப்ளை

ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த கனகசபை, கணினியின் பவர் சப்ளை கீச்சென்று இரைகிறது என்று வாரண்டியில் இரண்டு முறை மாற்றி வாங்கினார். புதியதிலும் அதே சத்தம். மூன்றாம் முறை கணினியோடு கடைக்கே தூக்கிக்கொண்டு போனார்.

மெக்கானிக் ரஃபீக் அதை ஓடவிட்டு, பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே சார்."

"நல்லா கேளுங்க. இருபத்தாறு வருஷமா பாட்டுப் பதிவு பண்றவன் நான். கொசு கத்துற மாதிரி விடாம வருது பாருங்க."

ரஃபீக் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு வயரைப் பிடுங்கினார். உள்ளே விசிறி சுற்றி ஓய்ந்தது.

"இப்ப கேக்குதா சார்?"

கனகசபை இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். சத்தம் இன்னும் கிட்டே வந்தது.

"வாரண்டி இருக்குல்ல தம்பி? இதையும் மாத்திக் கொடுத்துடுங்க," என்றார்.