கரை கட்டிய பள்ளம்

தெருத்தண்ணீரையெல்லாம் சுமந்து சுமந்து அந்த வடிகாலுக்கு அலுத்துப்போயிருந்தது. மழைநீரை மண்ணுக்குள் இறக்கவென்று பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டி, வெட்டிவேரும் கல்வாழையும் நட்டபோது, "இனிமே பாதிப் பாரம் உனக்கு, தம்பி" என்று பெருமூச்சு விட்டது.

திறப்புவிழாவுக்கு முந்தின நாள், பார்க்க லட்சணமாக இருக்கட்டுமென்று பள்ளத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கரை கட்டி மஞ்சள் வண்ணமடித்தார்கள்.

மழை வந்தது. தெருத்தண்ணீர் கரையில் முட்டித் திரும்பி, மொத்தமும் வடிகாலுக்கே வந்தது.

"தம்பி, கொஞ்சமாவது வாங்கிக்கோயேன்."

"வாயைத் தொறந்துக்கிட்டுதான் இருக்கேன், அண்ணே. கரையைத் தாண்டி ஒரு சொட்டு வரலையே."

வடிகால் பொங்கி வழிந்து, வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

மழை விட்டதும் ஒரு கொத்தனார் வந்தார். கரையை உடைக்கத்தான் வந்திருக்கிறார் என்று வடிகால் நம்பியது. அவரோ அதன்மேல் இன்னொரு வரிசை செங்கல் வைத்தார். சேற்றுத்தண்ணீர் ஏறிச் செடிகள் கெட்டுவிடக் கூடாதாம்.

"என்ன சத்தம் அண்ணே? உடைக்கிறாங்களா?" என்று பள்ளம் உள்ளிருந்து ஆசையாகக் கேட்டது.

வடிகால் மேற்கே பார்த்தது. மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது.

"நீ தூங்கு, தம்பி" என்றது.