பயனில்லாத பாட்டு வகுப்பு

“தோல்வியா? என் வகுப்பா?”

பாட்டு டீச்சர் காகிதத்தை மறுபடியும் படித்தாள். ஆய்வு அதிகாரியின் அறிக்கை இரண்டே வரி. ‘எதிர்பார்த்த பலன் இல்லை. திட்டம் தோல்வி.’

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்காக, அரசாங்கக் கலைத் திட்டத்தில் ஆஸ்பத்திரியிலேயே நடக்கும் வகுப்பு அது. பேச வராத வார்த்தை சிலருக்குப் பாட்டாக வந்துவிடும். எட்டு மாதமாக வாய் திறக்காத பஸ் டிரைவர், போன வாரம் “தண்ணி கொண்டா” என்று இழுத்துப் பாடினார். அவர் மனைவி தண்ணீர் கொடுக்கக்கூடத் தோன்றாமல் நின்று அழுதாள்.

அந்தச் சிடுமூஞ்சி அதிகாரி மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? பார்த்துவிட்டுத் தோல்வியாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை!

மறுநாள் காலை அவருடைய ஆபீசுக்கே போய்விட்டாள்.

“எதை வச்சு சார் தோல்வின்னு எழுதினீங்க?”

“ஒரு கச்சேரிகூட வைக்கலையேம்மா. பன்னிரண்டு பேர்ல ஒருத்தருக்கும் சுருதி சேரலை.”

“சுருதியா? நாக்கு புரண்டதே பெரிசு சார். உங்க வீட்டுல ஒருத்தர் இப்படிப் படுத்திருந்தா சுருதி பார்ப்பீங்களா?”

அவர் குனிந்து பைலைப் புரட்டினார். அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் எரிந்தது.

“பெரிய டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வந்திருக்கேன். ஏழு பேருக்குப் பேச்சு திரும்புதுன்னு கைப்பட எழுதியிருக்கார். உங்க மேலதிகாரிகிட்ட இதைக் குடுத்து, அறிக்கையை மாத்த வைக்காம விடமாட்டேன்.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“வேண்டாம்மா. குடுக்காதீங்க.”

“ஏன், பயமா?”

“பயம்தான். மனநோய்ப் பிரிவுல ஒரு ஓவிய வகுப்பு நடந்துச்சே, தெரியுமா?”

“தெரியாம என்ன? அருமையா நடந்துச்சு. போன வருஷம் எந்தப் புண்ணியவானோ நிறுத்திட்டான்.”

“அந்தப் புண்ணியவான் நான்தான்.”

டீச்சர் அவரை முறைத்தாள்.

“மனசாரப் பாராட்டி ‘மாபெரும் வெற்றி’ன்னு எழுதினேம்மா. ‘நோக்கம் நிறைவேறியது’ன்னு சொல்லி ஒரே மாசத்துல மூடிட்டாங்க. அரசாங்க விதி அப்படி. தோத்த திட்டத்துக்குத்தான், குறையைத் திருத்திக்கச் சொல்லி ரெண்டு வருஷம் கூடுதலாக் குடுப்பாங்க.”

அவளுக்கு வந்த ஆத்திரம் அடங்கவில்லை. யாரிடம் போய்க் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அவள் மேஜைமேல் வைத்திருந்த சர்டிபிகேட்டை மடித்து, அவர் அவள் கையில் வைத்தார்.

“இதை யார் கண்ணுலயும் காட்டிடாதீங்க. அந்தப் பன்னிரண்டு பேரும் பேசுற வரைக்கும் நாம தோத்துக்கிட்டேதான் இருக்கணும்.”