மசக்கைக்காரிக்கு ஒரு பிடி மண்

ஆடிப்பெருக்கன்று தையல்நாயகியின் வீட்டுக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு பிடி ஆற்று வண்டல். காவிரியின் வண்டல் முழுவதையும் அணையிலேயே வடிகட்டி விற்றுவிடும் நிறுவனம், பூஜைக்கென்று வீட்டுக்கு ஒன்று கொடுத்திருந்தது.

அந்த மண்ணில் அம்மன் பிடித்து, காதோலை கருகமணி சாத்தி, சித்ரான்னம் படைத்தாள். பிறகு ஆற்றில் கரைப்பதற்காகத் தாம்பாளத்தோடு படித்துறையில் இறங்கினாள். நிறுவனத்தின் காவலாளி பிரதீபன் மறித்தான்.

“கரைக்கக் கூடாதுக்கா. தண்ணி கலங்கிடும். மண்ணத் திரும்பப் பொட்டலத்துல போட்டுக் குடுத்துடுங்க.”

“சாமியப் பொட்டலத்துல போடச் சொல்றியா?”

“சட்டம் அதானேக்கா. தண்ணியப் பாருங்க, எவ்ளோ சுத்தம்! அடி வரைக்கும் தெரியுது.”

அவள் பார்த்தாள். போன மாதம் கரை இடிந்தபோது அடுப்படியோடு போன அவளுடைய அம்மி, கண்ணாடி போன்ற தண்ணீருக்கு அடியில் கிடந்தது. அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

“தெரியுதுல்ல? அது என் அம்மி! மசக்கைக்காரிக்கு மண்ணு திங்க ஆச வரும். உங்க ஆத்தாளக் கேளு, சொல்லுவா. மாசமா இருக்குற காவேரிக்கு ஒரு பிடி மண்ணு விட்டு வெச்சீங்களாடா? அதான் கரையத் திங்குறா. என் அடுப்படியத் தின்னுட்டா. நாளைக்கு நான் படுக்குற எடத்தையும் திம்பா!”

பிரதீபன் தாம்பாளத்தைப் பிடுங்கக் கை நீட்டினான். அவள் அதை அப்படியே ஆற்றில் கவிழ்த்தாள். தண்ணீர் கலங்கிவிட்டதென்று படித்துறைக் கம்பத்திலிருந்த நிறுவனத்தின் அபாயச் சங்கு ஊரே அதிர அலறியது.

“கத்தட்டும்,” என்றாள் தையல்நாயகி. “என் அடுப்படி விழுந்தப்ப இது எங்கடா போச்சு?”