தோணியில் மூன்று எலிகள்

நடுக்கடலில் போய்க்கொண்டிருந்த தோணியின் அடித்தட்டில் மூன்று எலிகள் இருந்தன. பலகை ஓட்டை வழியே வந்த தண்ணீர் அவற்றின் வயிற்றைத் தொட்டுவிட்டது.

"தேங்காய் நாரை வச்சு அடைச்சிடலாம்," என்றது வால் அறுந்த எலி.

"அதுக்குள்ள மூழ்கிடுவோம். மேல்தட்டுக்குக் குடிபோறதுதான் வழி," என்றது தடித்த எலி.

பேச்சு முற்ற முற்ற இரண்டுக்கும் பதற்றம் கூடியது. பதற்றம் வந்தால் பல் சும்மா இருக்காது. பேசியபடியே பக்கத்துப் பலகையைக் கொறித்தன. அங்கேயும் ஈரம் கசிந்தது.

நிறைமாதமாக இருந்த பெண் எலிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, முதல்ல ரெண்டு பேரும் கொறிக்கிறதை நிறுத்துங்க."

இரண்டும் திரும்பிப் பார்த்தன. வாய் நிறைய மரத்தூள். அன்றைக்கு முதன்முறையாக ஒரே குரலில் பேசின.

"நடக்கிற காரியமா ஏதாவது சொல்லு, தங்கச்சி."