காகிதக் கட்டு

இன்னாசி எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட மாட்டார். கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, மருந்துக்கடை ரசீது எல்லாம் கட்டுக்கட்டாகக் கூரைவரை ஏறி நின்றன. அவர் மனைவி ரெஜினா வீட்டுக்குள் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். அன்று காலை ஒரு கட்டு சரிந்து அவள் முதுகில் விழுந்தது. வலியோடு எழுந்தவள், காய் நறுக்கும் கத்தியால் சணலை அறுத்து, காகிதங்களைக் கொல்லையில் கொட்டித் தீ வைத்தாள்.

சந்தையிலிருந்து திரும்பிய இன்னாசி, அவள் கூந்தலைப் பிடித்து முகத்தை நெருப்புக்கு நேராக அழுத்தினார்.

"எந்த வருஷத்துக் கட்டுடி இது? சொல்லு!"

நெற்றி மயிர் பொசுங்கியது. ரெஜினா பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்து அவர் கையில் இறக்கினாள். பிடி விட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட அவர் குந்தி உட்கார்ந்து, எரியாத தாள்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

"செத்துருவீங்க. எந்திரிங்க" என்று அவள்தான் ஆட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடித்த நர்ஸ் ஒரு சீட்டை நீட்டினாள். இன்னாசி அதை மறு கையால் வாங்கி, பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ரெஜினா அதை உருவி வாயில் போட்டு, அவரைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.

"ஐயோ, அது மருந்துச் சீட்டும்மா!" என்று பதறினாள் நர்ஸ்.

ரெஜினா விழுங்கினாள்.